விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி

கல்விக்கடன் விண்ணப்பப் படிவத்தில் கேள்விகளுக்குக் குறைவில்லை. மாணவரின் பெயர், மதிப்பெண், சேரவிருக்கும் பல்கலைக்கழகம், படிப்பின் கால அளவு, கட்டணம், தங்குமிடச் செலவு, விமானக் கட்டணம், பெற்றோரின் வருமானம், இணைக்கடனாளரின் கையொப்பம் என எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் கோத்து வைக்கிறோம். ஆயினும் அந்தப் படிவத்தில் இடம்பெறாத கேள்வி ஒன்றை, இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதக் காலையில், எங்கள் கிளைக்கு வந்த தாயார் ஒருவர் கேட்டார்.

மும்பையின் செம்பூர் பகுதியில் சிறியதொரு மெஸ் நடத்துபவர் அவர். நாளொன்றுக்கு எழுபது, எண்பது பேருக்கு மதிய உணவு கட்டி அனுப்புகிறார். அவருடைய மகள் புள்ளியியலில் நான்காண்டு ஹானர்ஸ் பட்டப்படிப்பு பயின்று வந்தாள். வகுப்பில் முதல் மாணவி. அவள் படித்த கல்லூரிக்கும் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் இருந்த பரிமாற்ற ஒப்பந்தத்தின்கீழ், ஒரு செமஸ்டர் அங்கே சென்று பயிலத் தேர்வாகியிருந்தாள். பயிற்றுக் கட்டணம் இங்கேயே செலுத்தினால் போதும். விடுதி, உணவு, விமானம், விசா, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குத்தான் கடன் தேவை. ஆறே முக்கால் இலட்சம் ரூபாய் கேட்டிருந்தார்கள். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக்கடனுக்குப் பதினைந்து விழுக்காடு விளிம்புத் தொகை குடும்பத்தினர் போடவேண்டும் என்று விளக்கினோம். ஏழரை இலட்சம் வரையிலான கடன், அரசின் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் வருவதால், சொத்துப் பிணை வேண்டியதில்லை என்றும் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்த அம்மையார், எழுந்து செல்லுமுன் தயங்கி நின்றார்.

“எல்லாம் சரிதான் சார். அவ அங்க யாரோட உக்காந்து சாப்பிடுவா?”

நாங்கள் சிரித்துவிட்டோம். பெரிய உணவுக்கூடம் இருக்கும் அம்மா, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள், கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அந்தச் சிரிப்பு பின்னர் எங்களைப் பலமுறை உறுத்தியது.

வெளிநாட்டுக் கல்வியின் வரலாற்றைப் புரட்டினால், அந்தத் தாயாரின் கேள்வி புதியதன்று என்பது புலப்படும். 1909ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில், ஹாரி எட்மண்ட்ஸ் என்ற இளைஞர் நூலகப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். எதிரே இறங்கிவந்த சீன மாணவர் ஒருவருக்கு வழக்கம்போல் காலை வணக்கம் கூறிவிட்டு நடந்தார். அம்மாணவர் நின்றுவிட்டார். தாம் இந்நகருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன என்றும், தம்மிடம் பேசிய முதல் மனிதர் நீங்களே என்றும் கூறினார். எட்மண்ட்ஸால் அதை மறக்க இயலவில்லை. மனைவியிடம் சொன்னார். அம்மாணவரைத் தம் வீட்டுக்கு அழைத்தனர். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு நாட்டு மாணவர்களும் வரத் தொடங்கினர். வீட்டின் கூடம் போதாமல் போயிற்று. காஸ்மாபாலிட்டன் கிளப் என்ற மாணவர் சங்கம் உருவாயிற்று. இறுதியில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் கொடையால் 1924இல் நியூயார்க்கில் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ என்னும் பெருவிடுதி எழுந்தது. உள்நாட்டு மாணவரும் வெளிநாட்டு மாணவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே கூடத்தில் உண்ண வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1930இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டாவது விடுதி திறக்கப்பட்டபோது நிலைமை அவ்வளவு இனிதாக இல்லை. பல இனத்து மாணவர், அதிலும் ஆண்களும் பெண்களும், ஒரே கட்டடத்தில் தங்குவதா என்று அப்பகுதி மக்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பை மீறித்தான் கட்டடம் எழுந்தது. சேர்ந்து உண்பது எளிய காரியம் என்று நாம் நினைக்கிறோம்; அதற்கும் ஒருவர் முன்நின்று வழக்காட வேண்டியிருந்திருக்கிறது.

எட்மண்ட்ஸின் ஞாயிறு விருந்துகள் நடந்துவந்த அதே ஆண்டுகளில்தான், 1913 ஜூலையில், பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையுடன் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் சமஸ்தானத்துக்குப் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அவர் பீமராவ் அம்பேத்கர். முதலில் தங்கிய பல்கலைக்கழக விடுதியின் உணவு அவருக்கு ஒத்துவரவில்லை. அருகிலிருந்த காஸ்மாபாலிட்டன் கிளப் என்ற மாணவர் இல்லத்துக்கு மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில், நவல் பாத்தெனா என்ற பார்சி இளைஞருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார்.

வங்கிக்காரர்களாகிய எங்களுக்கு, அம்பேத்கரின் மாணவப் பருவத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்த அறைத்தோழமைதான். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. மூன்றாண்டுகள் கழித்து, 1920இல், படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் புறப்பட்டார். தம் சேமிப்பு ஒருபுறம், கோலாப்பூர் மன்னரின் உதவி ஒருபுறம். எஞ்சியதற்கு ஐயாயிரம் ரூபாய் கடன் தந்தவர், கொலம்பியாவின் அதே அறைத்தோழர் பாத்தெனா. அன்றைய ஐயாயிரம் சிறு தொகையன்று. பிணை இல்லை, விளிம்புத் தொகை இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை. விடுதி அறையில் ஒன்றாக வாழ்ந்த நாட்களே அந்தக் கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கை. இலண்டனில் நள்ளிரவு வரை படித்துவிட்டுப் பசியைப் போக்க அப்பளம் வாட்டித் தின்றவர், 1923இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் நம் ரூபாயின் பிரச்சினை. தோழர் கொடுத்த ரூபாய், ரூபாயைப் பற்றிய ஆய்வாகத் திரும்பி வந்தது என்று எங்கள் கிளையின் கடன் பிரிவு அலுவலர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார்.

எல்லோருக்கும் பாத்தெனா வாய்ப்பதில்லை. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. பணத்துக்கு முடையில்லை. ஆனால், மரக்கறி உணவே கொள்பவராகையால் கல்லூரியின் பொதுக்கூடத்தில் அமர்ந்து உண்ண இயலவில்லை. அறையிலேயே தாமே சமைத்துத் தனித்து உண்டார். அவரைக் காணச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்கவில்லை என்று அவர் சொல்லக் கேட்டு, படுக்கையைப் பார்த்தாராம். கம்பளிகள் அனைத்தும் மெத்தையோடு செருகியபடி அப்படியே இருந்தன. அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று இராமானுஜனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அவற்றின்மேல் படுத்து, மேலங்கியைப் போர்த்திக்கொண்டு உறங்கியிருக்கிறார். உலகம் வியந்த கணித மேதைக்கு ஒரு கம்பளியைக் காட்டித்தர ஆளில்லை.

இத்தகைய தனிமையைக் கண்டு அதற்கு மருந்து தேடியவர்களுள் ஒருவர் சேலத்துக்காரர் என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1876இல் சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். இலண்டனில் இந்திய மாணவர்களுக்கென 1920இல் ஒரு விடுதி தோன்றுவதற்குக் காரணமானவர். இடையில் போர்க்காலக் குண்டுவீச்சுக்கும் இடமாற்றங்களுக்கும் உள்ளான அவ்விடுதி இன்றும் இலண்டனின் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இயங்குகிறது. அதன் உணவுக்கூடத்தில் இன்றும் இந்திய உணவு கிடைக்கிறது. இன்னொரு செய்தி எங்களுக்கு நெருக்கமானது. கிராமங்களில் வட்டிக்கடைக்காரர்களிடம் சிக்கிய ஏழை உழவர்களுக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அமைப்பதிலும் முன்நின்றவர் இதே பால்தான். ஒருவருக்குக் கடனும் வேண்டும், கூட்டமும் வேண்டும் என்பதை அவர் இரு திசைகளிலும் உணர்ந்திருந்தார் போலும்.

ஹானர்ஸ் என்னும் சொல்லுக்கும் இதில் ஒரு பங்குண்டு. சிறப்பு மாணவரைத் தனியே பிரித்துச் சிறு குழுக்களாக அமர்த்திப் பயிற்றும் முறையை ஆக்ஸ்போர்டில் கண்டு, 1922இல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் புகுத்தினார் அதன் தலைவர் ஃபிராங்க் ஐடலோட். மறுஆண்டே டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிர்க்பிரைடு எட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குக் கப்பலேறினார். பட்டப்படிப்பின் ஓர் ஆண்டை வெளிநாட்டில் கழித்து, அந்த மதிப்பெண்ணைத் தாய்க் கல்லூரியில் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் அப்படித்தான் தொடங்கியது. இன்று பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஹானர்ஸ் கல்லூரி என்றே ஒரு பிரிவு உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் ஹானர்ஸ் கல்லூரி தனி வளாகமும் தனி உணவுக்கூடமும் உடையது. ஐம்பதாயிரம் பேர் பயிலும் இடத்தில் ஒரு மாணவர் தொலைந்துபோகாதிருக்க இது ஒரு வழி. நம் நாட்டிலும், பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, அயல்நாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் இணைந்து படிப்பின் ஒரு பகுதியை அங்கே முடிக்கும் வாய்ப்பு விரிவடைந்துள்ளது. ஆகவே எங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில், முழுப் பட்டத்துக்கல்லாமல் ஒரு செமஸ்டர், ஓராண்டு என்று கேட்பவை இனிப் பெருகக்கூடும்.

இனி செம்பூர் மாணவியிடம் திரும்புவோம்.

அவள் ஜனவரி நான்காம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் கல்வியாண்டைத் தொடங்கிய மற்ற மாணவர்கள் அதற்குள் நட்பு வட்டங்களை அமைத்துக்கொண்டுவிட்டனர். நடுவில் வருபவருக்கு அந்த வட்டத்தின் வாசல் எளிதில் தென்படுவதில்லை. அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறதென்று ஒரு வாரம் முன்னதாகவே பயணச்சீட்டு எடுத்திருந்தார்கள். குளிர்கால விடுமுறை முடியாததால் உணவுக்கூடம் பதினோராம் நாள்தான் திறக்கப்பட்டது. விடுதிக்கும் உணவுத் திட்டத்துக்கும் நாங்கள் அனுப்பிய தொகைக்கான ரசீது எங்கள் கோப்பில் இருந்தது. உணவுத் திட்டம் எந்நாளில் தொடங்குகிறது என்பதும் அதே தாளில் அச்சாகியிருந்தது. நாங்கள் தொகையைப் பார்த்தோம், தேதியைப் பார்க்கவில்லை. வெளியே பனி. கடை இரண்டு மைல். பெட்டியில் அம்மா வைத்துவிட்ட பருப்புப் பொடியையும் பிஸ்கட்டையும் கொண்டு ஏழு நாட்களை ஓட்டியிருக்கிறாள்.

வகுப்புகள் தொடங்கிய பின்னும் நிலைமை மாறவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, வங்கி திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் தாயார் வந்து நின்றார். மகள் திரும்பிவந்துவிட விரும்புகிறாள்; வந்துவிட்டால் கடன் என்ன ஆகும் என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி சொல்வது எங்கள் கடமை. ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. விசா, விமானம், காப்பீடு ஆகியவற்றுக்குச் செலவான பணம் திரும்பாது. விடுதிக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது அவர்கள் விதியைப் பொறுத்தது. அந்தச் செமஸ்டரின் மதிப்பெண் இல்லாமற்போனால் ஹானர்ஸ் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். பத்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 6,600 ரூபாய் வரும் என்று தாளில் எழுதிக் காட்டினோம்.

“பணத்த கட்டிடுவேன் சார்,” என்றார் அவர். “எண்பது டப்பாவ தொண்ணூறு ஆக்கினா போச்சு. அவ ஒத்தையா உக்காந்து சாப்பிடுறாளே, அதுதான் தாங்கல.”

அன்று எங்கள் மேலாளருக்கும் பேச்சு வரவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தோம். மாணவியை அந்தப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசச் சொல்லும்படி கூறினோம். அது நல்ல யோசனைதான், ஆனால் எந்தக் கையேட்டிலும் உள்ள யோசனை. உண்மையில் பயன்பட்டது அன்றிரவு தாயார் மகளிடம் தொலைபேசியில் சொன்னது. ஒருத்திக்கு என்று அரிசி போடாதே. நாலு பேருக்குப் போடு, மீதியை என்ன செய்வது என்று அப்புறம் யோசி என்றாராம். மெஸ் நடத்துபவரின் கணக்கு அது.

அடுத்த ஞாயிறன்று விடுதியின் அடித்தளத்திலிருந்த பொதுச் சமையலறையில் எலுமிச்சைச் சோறு கிளறினாள். கடுகு, மிளகாய் தாளித்த புகையில் தீ எச்சரிக்கை மணி அலறியது. நான்கு மாடிகளிலிருந்தும் மாணவர்கள், சிலர் செருப்புக்கூட இல்லாமல், பனியில் வந்து நின்றனர். தீயணைப்பு வண்டி வந்து சோதித்துவிட்டுப் போக அரைமணி நேரம் ஆயிற்று. அவ்வளவு பேருக்கும் அவள் ஒருத்தியே காரணம். நடுங்கிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மூன்று வாரங்களில் அத்தனை பேரிடம் அவள் பேசியதே இல்லை. சிலர் எரிச்சலுற்றனர். ஒரு வியட்நாம் மாணவி மட்டும், போன செமஸ்டரில் மீன் பொரித்து இதே மணியை அடிக்க வைத்தது நான்தான் என்று சிரித்தாளாம். நால்வருக்காகச் செய்த சோற்றை அன்று ஒன்பது பேர் பங்கிட்டு உண்டனர்.

அதன்பின் ஞாயிறுதோறும் ஒருவர் சமைப்பது என்று ஆயிற்று. எல்லா வாரமும் நன்றாக நடந்ததென்று சொல்ல முடியாது. தேர்வு வாரங்களில் இருவர் மட்டுமே வந்தனர், பாத்திரம் கழுவுவதில் சண்டையும் மூண்டது. என்றாலும் மே மாதம் அவள் திரும்பும்போது, விடுதிப் பொறுப்பாளர் அந்தச் சமையலறைக்கு முறைப்பட்டியல் ஒன்று ஒட்டியிருந்தார். மதிப்பெண்ணும் குறையவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் கிளையில் ஒரு பழக்கம் ஏற்பட்டுள்ளது. வெளிநாட்டுக் கல்விக்கடன் கோப்பின் முதல் தாளில், பென்சிலால், மூன்று குறிப்புகள் எழுதி வைக்கிறோம்: விடுதி திறக்கும் நாள், உணவுக்கூடம் திறக்கும் நாள், போய்ச் சேரும் நாள். மூன்றும் பொருந்தவில்லையென்றால் பயணச்சீட்டை மாற்றச் சொல்கிறோம். அல்லது இடைப்பட்ட நாட்களின் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கிறோம். உணவுச் செலவு, திருப்பித் தரப்படும் முன்வைப்புத் தொகை, குளிர்கால உடை போன்றவற்றைக் குறைத்துக் காட்டினால் கடன் எளிதில் கிடைக்கும் என்று பெற்றோர் சிலர் எண்ணுகிறார்கள். அப்படிக் குறைக்கும்போது முதலில் குறைவது பிள்ளையின் சாப்பாடுதான். வேண்டாம். கல்விக்கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு, 2025 ஏப்ரல் முதல், மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதும் நீக்கப்பட்டுள்ளது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

மாணவி தன் கல்லூரிக்குத் திரும்பினாள். முதல் வாரமே அவள் கண்ணில் பட்டது, இரண்டாண்டுகளாகக் கண்ணில் படாத ஒன்று. மணிப்பூரிலிருந்து வந்த இரு மாணவிகளும், எத்தியோப்பியாவிலிருந்து அரசு உதவித்தொகையில் வந்த ஒரு மாணவரும் கேன்டீனின் கோடி மேசையில் தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். மூவரும் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தானும் ஓராண்டாக அவர்களைக் கடந்து சென்றிருக்கிறாள் என்று அவள் எங்களிடம் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, கல்லூரி விடுதி முற்றத்தில் பொது உணவு. அழைப்பு எல்லோருக்கும், சமையல் முறைவைத்து. குறைவதை அம்மாவின் மெஸ் அடக்க விலைக்கு அனுப்புகிறது. மாணவர் மன்றம் அதற்குரிய தொகையை அவருடைய கணக்குக்கு மாற்றிவிடுகிறது. மகளின் சலுகை என்று ஒரு ரூபாயும் அவர் தள்ளுபடி செய்வதில்லை. கணக்கு கணக்குதான் என்கிறார்.

கடந்த மாதம் கடனுக்கான வட்டியைச் செலுத்த வந்திருந்தார். படிப்புக் காலத்திலேயே வட்டியைக் கட்டிவருவதால் சலுகை உண்டென்று நாங்கள் சொன்னதை விடாது பிடித்துக்கொண்டிருக்கிறார். தவணை விடுப்புக் காலத்தில் கட்டும் இந்த வட்டியை வருமான வரியில் காட்டலாமா என்று கேட்டார். கடனாளர் செலுத்தும் வட்டி முழுவதையும், செலுத்தத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டாண்டுகள் வரை, வருமான வரிச் சட்டத்தின்கீழ்க் கழித்துக்கொள்ள இடமுண்டு; ஆனால் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கே அது பொருந்தும் என்று விளக்கினோம். குறித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். முதல் ஞாயிறுச் சாப்பாடு ஐம்பதைத் தாண்டிவிட்டதாம். பெரிய அண்டா ஒன்றும், இரட்டை அடுப்பு ஒன்றும் விலை விசாரித்து எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தோராயிரம் ரூபாய்.

முத்ரா கடனுக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தோம். அங்கேயே உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினார்.